விற்பனைக்கு: 1966 எம்.ஜி.பி., சிவப்பு

விளம்பரத்துக்குக் கிடைத்த இடம் நாற்பது சொற்கள். "1966 எம்.ஜி.பி. டூரர். டார்ட்டன் சிவப்பு, கறுப்புத் தோல் இருக்கைகள், கம்பிச் சக்கரங்கள், ஓவர்டிரைவ். நன்கு பராமரிக்கப்பட்டது. ரசீதுகள் அனைத்தும் உண்டு. விலை 13,500 பவுண்டு." இதை எழுதி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆயிற்று. "நன்கு பராமரிக்கப்பட்டது" என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. பழைய கார் விற்கிற எல்லோரும் எழுதுகிற சொல் அது. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் இந்தக் காரை நான் வாங்கியபோது அதன் விளம்பரத்திலும் அதுதான் இருந்தது. அன்றைக்கு அது உண்மை இல்லை. இன்றைக்கு அது உண்மை. அந்த இரண்டுக்கும் நடுவில் நடந்ததை நாற்பது சொற்களில் அடக்க முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

விற்பதற்குக் காரணம் எளிமையானது. டிட்காட்டில் இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு மகள் வசிக்கும் ஊரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போகிறோம். அங்கே கார் நிறுத்த வெள்ளைக்கோடு போட்ட திறந்தவெளிதான் உண்டு. துணிக்கூரை போட்ட ஐம்பத்தெட்டு வயதுக் காரை இங்கிலாந்தின் மழையில் ஆண்டு முழுவதும் நிறுத்துவது அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்வதற்குச் சமம். அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

இந்தக் கார் பிறந்தது டிட்காட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் உள்ள ஆபிங்டனில். எம்.ஜி. என்றால் மோரிஸ் கராஜஸ். ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் மோரிஸ் நடத்திய கார் விற்பனைக் கடையின் பெயர் அது. அந்தக் கடையின் மேலாளராக இருந்த செசில் கிம்பர், மோரிஸ் கார்களின் அடிச்சட்டத்தின் மேல் இலேசான, அழகான உடல்களைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். 1929இல் ஆபிங்டனுக்குத் தொழிற்சாலை போனது. 1962இல் எம்.ஜி.பி. வெளிவந்தது. தலைமைப் பொறியாளர் சிட் எனெவர். உடலின் கோடுகளை வரைந்தவர் டான் ஹேட்டர். 1980 அக்டோபரில் ஆபிங்டன் தொழிற்சாலையை மூடும் வரை பதினெட்டு ஆண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட எம்.ஜி.பி.க்கள் அங்கிருந்து வெளியேறின. பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்காவுக்குப் போயிற்று. என்னுடையது உள்நாட்டிலேயே விற்கப்பட்ட வண்டி. கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் அக்காலத் தயாரிப்புப் பதிவேடுகள் இருக்கின்றன. பணம் கட்டினால் உங்கள் காரின் எண்ணைத் தேடி, எந்த நாளில் கட்டப்பட்டது, என்ன நிறம், எந்த எஞ்சின் எண் என்று சான்றிதழ் தருவார்கள். என் காரின் எண் ஜி.எச்.என்.3 என்று தொடங்குகிறது. ஜி என்பது எம்.ஜி.; எச் எஞ்சின் அளவின் குறியீடு; என் என்றால் இருவர் அமரும் திறந்த கார்; 3 அதன் வரிசை. சான்றிதழில் உள்ள எஞ்சின் எண்ணும் இன்று வண்டியில் இருக்கும் எஞ்சினின் எண்ணும் ஒன்றே. இதை விளம்பரத்தில் சேர்க்க மறந்துவிட்டேன்.

அந்த எஞ்சினைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1,798 சிசி, நான்கு சிலிண்டர், இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்கள். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பி.எம்.சி.) நிறுவனத்தின் பி-சீரீஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் வளர்ந்தவர்கள் இந்தக் குடும்பத்தின் இன்னொரு பிள்ளையை நன்றாக அறிவார்கள், பெயர் தெரியாமல். அம்பாசடரின் 1,489 சிசி பெட்ரோல் எஞ்சின் அதே பி-சீரீஸ்தான். அம்பாசடரே மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் மறுபிறவி. அந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு கட்டப்பட்ட கௌலி, ஆபிங்டனிலிருந்து அதிக தூரமில்லை. கல்யாணக் கூட்டத்தையும் கலெக்டரையும் சுமந்த வண்டியும், பனிக்காற்றில் தலைமுடி பறக்க இருவர் மட்டும் போகும் இந்தச் சிவப்பு வண்டியும் உள்ளுக்குள் பங்காளிகள்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் மாமா சொல்லித் தெரிந்துகொண்டேன். அவர் திருச்சியில் அம்பாசடர் மார்க் 2 வைத்து முப்பது ஆண்டுகள் வாடகைக் கார் ஓட்டியவர். 2011 கோடையில் எங்களைப் பார்க்க வந்தார். லண்டனைக் காட்டினோம், பாத் நகரத்தைக் காட்டினோம். எல்லாவற்றையும் மரியாதையுடன் பார்த்தார். ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு கராஜில் எம்.ஜி.பி.யின் பானெட்டைத் தூக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "மாப்பிள்ளை, இது நம் வண்டியின் எஞ்சின் அல்லவா?" என்றார்.

கார்புரேட்டரும் புகைக்குழாயும் ஒரே பக்கம், டிஸ்டிரிபியூட்டர் எதிர்ப்பக்கம், மேலே அதே தகர மூடி. "கிளப்பு" என்றார். கிளப்பினேன். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "டாப்பெட் ரொம்ப இறுக்கமாக இருக்கிறது. யார் வைத்தது?" என்று கேட்டார். வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் நெம்புக்கும் நடுவே விடும் சிறு இடைவெளியைத்தான் அவர் சொன்னார். அதை வைத்தது நான்தான். சத்தமே வரக் கூடாது என்று நினைத்து இறுக்கி வைத்திருந்தேன்.

மறுநாள் காலை, எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவரே செய்து காட்டினார். பதினைந்து தௌ (அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்ததில் பதினைந்து பங்கு) இடைவெளி, அதை அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை இழுத்தால் வெண்ணெயில் கத்தி போல வர வேண்டும். எட்டு வால்வுகளில் எதை எப்போது சரிசெய்வது என்று எனக்குப் புத்தகம் வேண்டியிருந்தது. அவருக்கு ஒரு கணக்கு போதும்: கூட்டுத்தொகை ஒன்பது. எட்டாவது வால்வு முழுதாகத் திறந்து நிற்கும்போது ஒன்றாவதைப் பார்க்க வேண்டும். ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. ஆபிங்டன் தொழிலாளிகளுக்கு உண்டான அதே கணக்கு, பாலக்கரைப் பட்டறை ஒன்றில் அவருக்குக் கிடைத்திருக்கிறது. "டாப்பெட் கொஞ்சம் பேச வேண்டும் மாப்பிள்ளை. பேசாத டாப்பெட் வால்வை எரித்துவிடும்" என்றார். இடைவெளி இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது; மூடாத வால்வின் சூடு, அது மூடும்போது அமரும் உலோக இருக்கைக்கு இறங்காது; விளிம்பு எரிந்துபோகும். அன்றிலிருந்து என் எம்.ஜி.பி. நின்ற இடத்தில் இலேசாகத் தட்டிக்கொண்டே இருக்கும். வாங்க வந்த ஒருவர் அதைக் குறையாகச் சொன்னார். அவருக்கு விளக்கினேன், அவர் நம்பவில்லை.

வாங்கியபோது ஏமாந்த கதைக்கு வருகிறேன். 2005இல் முதன்முதலாகப் பார்த்தபோது கண்ணாடி போல மின்னியது. "சில் தகடுகள் புதிதாக மாற்றப்பட்டன" என்று ஒரு பட்டறையின் ரசீதும் இருந்தது. சில் என்பது கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற பகுதி. இதற்கு முந்தைய எம்.ஜி.ஏ. காருக்குத் தனியாக அடிச்சட்டம் உண்டு. எம்.ஜி.பி.க்கு அது கிடையாது. உடலே சுமையைத் தாங்குகிறது. மூடியை எடுத்துவிட்ட அட்டைப்பெட்டி எப்படி நெளியும் என்று யோசித்துப் பாருங்கள். கூரை இல்லாத காரும் அப்படித்தான் நெளியப் பார்க்கும். அதை நெளியவிடாமல் பிடித்திருப்பவற்றில் முதன்மையானவை இந்த இரண்டு சில்களும்தான். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று பல அடுக்குகள் சேர்ந்த அமைப்பு அது. ஈரம் நடுவில் தேங்கி, உள்ளிருந்து வெளியே துருப்பிடித்து வரும். வெளியே குமிழி தெரியும்போது உள்ளே ஒன்றும் மிச்சமிருக்காது.

மூன்று ஆண்டுகள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருநாள், சாய்வான இடத்தில் நிறுத்தியிருந்தபோது வலதுபக்கக் கதவு திறக்க மறுத்தது. சமதளத்துக்கு வந்ததும் திறந்தது. அப்போதுதான் வயிற்றில் ஏதோ புரண்டது. காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு சில் ஓரமாக நகர்த்தினேன். ஓரிடத்தில் ஒட்டியது, ஓரிடத்தில் நழுவி விழுந்தது. திருப்புளியால் சுரண்டினேன். பெயின்டுக்கு அடியில் பட்டி. விரல் கனத்துக்குப் பட்டி. அதற்கு அடியில் மெல்லிய புதுத் தகடு. அந்தத் தகட்டுக்குப் பின்னால், வெட்டி எடுக்காமலேயே மூடி வைத்த பழைய துரு. ரசீது எழுதித் தந்த அந்தப் பட்டறைக்காரருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று நன்றாகத் தெரிந்திருக்கும். அந்தக் காரில் என் மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போயிருக்கிறேன். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதை மன்னிக்க முடியவில்லை.

சரிசெய்தவர் வேறொரு மனிதர், கிராமத்துத் தொழுவம் ஒன்றைப் பட்டறையாக மாற்றித் தனியாக வேலை பார்ப்பவர். அவர் செய்த முதல் காரியம் வெல்டிங் அல்ல. கதவுகளின் இடைவெளிகளை அளந்து சுவரில் எழுதினார். பிறகு கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புச் சட்டங்களை முட்டுக்கொடுத்துப் பற்றவைத்தார். அதன் பிறகுதான் அழுகியதை வெட்டினார். முட்டுக்கொடுக்காமல் வெட்டினால் உடல் தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையிலேயே புதுத் தகட்டைப் பற்றவைத்தால் அந்தக் கார் ஆயுளுக்கும் கோணல்தான். ஒவ்வொரு அடுக்கையும் சுத்த இரும்பு தெரியும் வரை வெட்டி, புதிது வைத்து, மறுபடி கதவை மாட்டி, சுவரில் எழுதியதுடன் ஒப்பிட்டு, மறுபடி கழற்றி. பதினொரு வாரம். 4,200 பவுண்டு. அது அந்தக் காரை நான் வாங்கிய விலையில் ஏறத்தாழப் பாதி. வாரம் தவறாமல் போய்ப் படமெடுத்தேன். கடைசியில் சில்களுக்குள் மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெயைப் பீச்சினார். மூன்றாண்டுக்கு ஒருமுறை அதை நானே செய்து வந்திருக்கிறேன்.

இப்படி ஒரு கார் பிழைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1988இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம், பழைய அச்சுகளைத் தேடிச் சேர்த்து, எம்.ஜி.பி.யின் முழு உடற்கூட்டையே மறுபடி புதிதாக உருவாக்கத் தொடங்கியது. உற்பத்தி நின்று எட்டு ஆண்டுகள் கழித்து! தொழிற்சாலை போன பிறகும் தகடு கிடைக்கிறது, ரப்பர் கிடைக்கிறது, கதவுக் கைப்பிடித் திருகு கூடக் கிடைக்கிறது. இதனாலேயே எம்.ஜி.பி. இன்னும் சாதாரண மனிதர்கள் வைத்துக்கொள்ளக்கூடிய விலையில் இருக்கிறது.

எரிபொருள் விஷயம் கொஞ்சம். 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோல் பொது விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. இந்த எஞ்சினின் வார்ப்பிரும்பு வால்வு இருக்கைகளுக்கு அந்த ஈயம்தான் மெத்தை. ஆகவே சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, கடினப்படுத்திய இருக்கைகளை வைத்தேன். 2021 செப்டம்பரில் பத்து விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வழக்கமாயிற்று. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களைத் தின்னும். குழாய்களை மாற்றினேன், அப்படியும் எத்தனால் குறைந்த சூப்பர் பெட்ரோலைத்தான் ஊற்றுகிறேன். இரண்டு ரசீதுகளும் கோப்பில் இருக்கின்றன.

ஆனால் இந்தக் காரைப் பராமரித்தது இப்படிப்பட்ட பெரிய வேலைகள் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. முன்சக்கரங்கள் திரும்புவது கிங்பின் என்ற தண்டுகளின் மேல். பக்கத்துக்கு மூன்று கிரீஸ் முனைகள். 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை, கைதான் அழுக்காகும். ஊரில் பாதி எம்.ஜி.பி.க்களின் கிங்பின் தேய்ந்து கிடப்பதற்கு இந்த ஐந்து நிமிடம் யாருக்கும் கிடைக்காததே காரணம். துணிக்கூரையைக் குளிரில் மடிக்கக் கூடாது, பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னல் வெடிக்கும். ஈரத்தோடும் மடிக்கக் கூடாது, பூசணம் பிடிக்கும். இருக்கைகளுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகள். அங்கே பேட்டரி இருப்பதையே பலர் மறந்துவிடுவார்கள். இன்னொன்று, 1966ஆம் ஆண்டு வண்டிகளில் பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும், இன்றைய கார்களுக்கு நேர்மாறாக. அது தெரியாமல் ரேடியோ மாட்டினால் புகை வரும்.

2018 மே மாதத்திலிருந்து நாற்பது ஆண்டுகளைத் தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு ஆண்டுதோறும் செய்யும் எம்.ஓ.டி. என்ற வாகனத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. நான் ஒரு வருடமும் விடாமல் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன். அந்நியக் கண் ஒன்று ஆண்டுக்கொருமுறை அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. ஒருமுறை மறைத்து ஏமாற்றப்பட்டவனுக்கு அது மிகவும் தெரியும்.

ஓட்டும்போது என்ன கிடைக்கிறது? வேகம் என்று சொல்ல மாட்டேன். புதிதாக இருந்தபோதே மணிக்கு நூறு மைலைச் சற்றுத் தாண்டுகிற கார். இன்றைய சாதாரண குடும்பக் கார் இதைச் சுலபமாக முந்திவிடும். முதல் கியருக்கு, ஓட்டத்திலேயே கியர் உரசாமல் விழ உதவும் சின்க்ரோமெஷ் கிடையாது, அதனால் வண்டி முழுதாக நின்ற பிறகுதான் போட வேண்டும். ஆனால் வான்டேஜிலிருந்து மேற்கே, சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தை ஒட்டி வளைந்து வளைந்து போகும் பி4507 சாலையில், ஜூன் மாத மாலையில், கூரையை மடித்துவிட்டு மூன்றாவது கியரில் போய்ப் பார்க்க வேண்டும். வெட்டிய புல்லின் மணம், மழை பெய்த தார்ச்சாலையின் மணம், மர நிழலுக்குள் நுழையும்போது சட்டெனக் கன்னத்தில் படும் குளிர். ஸ்டியரிங் சக்கரம் சாலையின் ஒவ்வொரு சிறு மேட்டையும் உள்ளங்கைக்குச் சொல்லும். நெடுஞ்சாலைக்கு வந்தால் ஓவர்டிரைவ் விசையைத் தட்டினால் போதும். எழுபது மைல் வேகத்தில் எஞ்சின் சுழற்சி நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,900இலிருந்து 3,100க்கு இறங்கும். ஒரு பெருமூச்சு விட்டது போல இருக்கும்.

அந்தச் சாலையில்தான் அஃபிங்டன் வெள்ளைக்குதிரை இருக்கிறது. குன்றின் சரிவில் பள்ளம் வெட்டிச் சுண்ணாம்பை இட்டு வரைந்த, நூறு மீட்டருக்கும் அதிக நீளமுள்ள குதிரை. ஏறத்தாழ மூவாயிரம் வயது. மனிதர்கள் அதைத் தொடர்ந்து சுத்தம் செய்யாமல் விட்டிருந்தால் சில பத்தாண்டுகளில் புல் மூடியிருக்கும். இன்றும் கோடையில் தன்னார்வலர்கள் சுத்தியலுடன் மண்டியிட்டு, புதுச் சுண்ணாம்பைக் கொட்டி இடிக்கிறார்கள். ஒருமுறை நானும் போய் அரைநாள் இடித்தேன். பக்கத்தில் இடித்துக்கொண்டிருந்த முதியவர் தன் தாத்தாவும் இதைச் செய்தார் என்றார். திரும்பி வந்து அன்று மாலையே கிங்பின்களுக்கு கிரீஸ் அடித்தேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் செய்யத் தோன்றியது.

விளம்பரம் வெளியானதும் பதினான்கு பேர் அழைத்தார்கள். ஒருவர் பார்க்காமலேயே முழு விலை தருவதாகச் சொன்னார். வெப்பம் சீராக வைத்த கிடங்கில், உறைபோட்டு, பத்து ஆண்டுகள் வைத்திருந்து விற்பாராம். நான் மறுத்தேன். என் மனைவிக்கு அதில் வருத்தம்தான். ஆனால் ஓடாத காரில் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையங்கள் காய்ந்து கசியும், பிரேக் சிலிண்டர்கள் உள்ளுக்குள் துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளும், தொட்டியில் பெட்ரோல் கெட்டுப் பிசினாகும். அந்தக் கிடங்கில் மின்னுவது காரின் தோல் மட்டுமாக இருக்கும்.

மூன்றாவது சனிக்கிழமை ஓர் இளம்பெண் வந்தார். ரயில் எஞ்சின்கள் பழுதுபார்க்கும் பணிமனையில் வேலை என்றார். வந்ததும் பெயின்டைப் பார்க்கவில்லை. பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்கிறேனா என்று பார்க்கிறார்! குளிர்ந்துதான் இருந்தது. பிறகு ஈரத் தரையில் மண்டியிட்டு, சில்லின் அடிவிளிம்பில் விரல் நுனியை முன்னிருந்து பின்வரை ஓட்டினார். கதவைத் திறந்து, ஜாக்கியால் வண்டியைத் தூக்கச் சொல்லி, கதவின் இடைவெளி மாறுகிறதா என்று கவனித்தார். மாறவில்லை. "கிங்பின்களுக்குக் கடைசியாக எப்போது கிரீஸ் அடித்தீர்கள்?" என்று கேட்டார். தேதி எழுதிய நோட்டை நீட்டினேன். வெல்டிங் படங்களை அவர் பார்த்த நேரம் காரைப் பார்த்த நேரத்தைவிட அதிகம்.

நாங்கள் இருவரும் ஓட்டிப் பார்த்தோம். எஞ்சின் சூடான பின் எண்ணெய் அழுத்தமானி ஐம்பதுக்கு மேல் நின்றதைப் பார்த்துத் தலையசைத்தார். அவரிடம் இருந்தது 12,000. அதற்கே கொடுத்தேன்.

வண்டியை எடுத்துப்போக அவர் வந்த நாள் காலையில் தூறல் நின்றிருந்தது. சாவியைத் திருப்பியதும் உடனே கிளப்ப வேண்டாம், பின்னால் பெட்ரோல் பம்ப் டிக் டிக்கென்று அடிப்பதைக் கேளுங்கள். கார்புரேட்டர்கள் நிரம்பியதும் அதுவே நிற்கும், பிறகு சோக்கை இழுங்கள். நிற்காமல் அடித்தால் எங்கோ கசிகிறது என்றேன். கம்பிச் சக்கரங்களைக் கழற்றும் செம்புத் தலைச் சுத்தியல், மெழுகெண்ணெய் பீச்சும் குழல், கிரீஸ் கன், மாமா பயன்படுத்திய ஃபீலர் கேஜ், எல்லாவற்றையும் டிக்கியில் வைத்தேன். கூட்டுத்தொகை ஒன்பது என்பதைச் சொல்ல ஆரம்பித்தேன். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். கூரையைத் திறந்தே ஓட்டிப் போனார்.

அன்று மாலை திருச்சிக்குத் தொலைபேசியில் பேசினேன். மாமாவுக்கு இப்போது எண்பத்தொன்று. காது சற்று மந்தம். கார் போய்விட்டது என்று இருமுறை சொல்ல வேண்டியிருந்தது. விலையைக் கேட்கவில்லை.

"தெருமுனை திரும்பும்போது டாப்பெட் சத்தம் கேட்டதா மாப்பிள்ளை?"

"கேட்டது மாமா."

"வாங்கின பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தாயா? சத்தம் வருகிறதென்று யாராவது இறுக்கிவிடப் போகிறார்கள்."

சொல்லிக் கொடுத்தேன் என்றேன். அந்தப் பிள்ளையின் தொலைபேசி எண்ணைக் கொடு, நானே ஒருமுறை சொல்லிவிடுகிறேன் என்றார்.